தம்பியை சமயப் பாடம் மாத்தி எடுக்கச் சொல்லுறாங்கள், என்ன செய்யலாம்?

முல்லை_அக்கா எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். முல்லைத்தீவு மாவட்டத்தில இருந்து எழுதுறன், ஊர்ப்பேர் பள்ளிக்கூடப்பேர் ஒண்டும் போடேல்லை ஏனெண்டா தம்பி இன்னும் அங்கதான் படிக்கிறான். அவன் இப்ப பத்தாம் ஆண்டு. நாங்கள் சபைக்குப் போற குடும்பம். அப்பா அம்மா ரெண்டு பேரும் சைவக் குடும்பத்தில பிறந்த ஆக்கள்தான், 2009ல செட்டிக்குளம் முகாமுக்குள்ள இருந்த நேரம் அம்மா ஜெபத்துக்குப் போகத் தொடங்கினவ, ஊருக்கு வந்த பிறகு நாங்கள் எல்லாரும் போனனாங்கள். தம்பி பிறந்ததே அதுக்குப் பிறகு. அவனுக்கு சின்னனில இருந்து தெரிஞ்சது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் வேதாகமமும்தான்.

அவன்ட பள்ளிக்கூடத்தில கிறிஸ்தவம் படிப்பிக்க ரீச்சர் இல்லை. ஆறாம் ஆண்டில இருந்து ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் சமயப் பாட நேரம் வந்தா அவனும் இன்னும் ரெண்டு மூண்டு பிள்ளையளும் வெளியில வேப்ப மரத்துக்குக் கீழ இருப்பினம், இல்லாட்டி கன்ரீன் பக்கம் ஏதும் வேலை சொல்லி விடுவினம். அதைக்கூட நாங்கள் பெரிசா எடுக்கேல்லை. இப்ப பத்தாம் ஆண்டு வந்த உடன வகுப்பு ரீச்சர் கூப்பிட்டு "நீ சைவநெறி எடு, கிறிஸ்தவம் எடுத்தா ஆர் உனக்குப் படிப்பிக்கிறது, ஓஎல் (சாதாரண தரம்) றிசல்ற் வந்தா பள்ளிக்கூடத்தின்ட பேர்தான் கெடும்" எண்டு சொல்லியிருக்கிறா. பகுதித் தலைவரும் அதையேதான் சொன்னவராம்.

காலைக் கூட்டத்தில திருநீற்றுத் தட்டு வரிசையா வரும். ஒருத்தரும் பூசு எண்டு அடிக்கிறேல்லை, ஆனா பூசாம நிண்டா பின்னால நிக்கிற பெடியள் "அல்லேலூயா" எண்டு மெதுவா சொல்லிச் சிரிப்பாங்களாம். அவன் பூசிப்போட்டு வகுப்புக்குப் போற வழியில துடைக்கிறவன். இதை அவன் எனக்குச் சொல்லேல்லை, உடுப்புத் தோய்க்கேக்க வெள்ளைச் சேட்டின்ட வலது கையின்ட உள் மடிப்பில சாம்பல் மாதிரி ஒட்டியிருந்ததைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் அழுதுகொண்டு சொன்னவன். மாணவ தலைவருக்கு அவன்ட பேரும் போனதாம், பிறகு "நீ விளக்குக் கொளுத்த மாட்டாய் தானே" எண்டு எடுத்துப்போட்டாங்களாம்.

அம்மா சொல்லுறா பொறுத்துப் போ, கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார் எண்டு. அப்பா சொல்லுறார் பள்ளிக்கூடம் மாத்துவம் எண்டு, ஆனா அடுத்த பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸே ஒழுங்கா இல்லை. தம்பி "ஒருத்தரும் பள்ளிக்கூடத்துக்கு வராதேங்கோ" எண்டுறான். இப்பிடி வேற ஆக்களுக்கு நடந்திருக்கும்தானே, நீங்கள் அந்த நேரம் என்ன செய்தனீங்கள்? எந்தச் சமயக்காரர் எண்டாலும் சொல்லுங்கோ.

கிளி_90 எழுதினது:

தங்கச்சி கோவிக்காதேங்கோ, ஒரு திருநீறு பூசுறதால என்ன குறையப் போகுது? எங்கட பிள்ளையளும் மிஷன் பள்ளிக்கூடங்களில பைபிள் வாசிச்சுத்தான் படிச்சவை. மதம் மாறினது உங்கட விருப்பம் எண்டா அதால வாறதையும் தாங்கத்தான் வேணும். சைவநெறி லேசான பாடம், ஏ எடுக்கலாம். சண்டை பிடிச்சா பிள்ளைக்குத்தான் கஷ்டம். அனுசரிச்சுப் போறது நல்லது.

பழைய_வாத்தியார் எழுதினது:

மேல எழுதின கிளி_90 தம்பிக்கு முதல் ஒண்டு சொல்லுறன். நான் சைவன், நெற்றியில திருநீறு இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடாத ஆள். வவுனியா, துணுக்காய் ரெண்டு வலயத்திலயும் படிப்பிச்சு பென்சன் எடுத்தனான். மிஷன் பள்ளிக்கூடத்தில பைபிள் வாசிச்சம் எண்டு சொல்லுறீங்கள், அது எங்கட ஆக்களுக்கு நல்லாப் பட்டதெண்டா ஆறுமுக நாவலர் 1848ல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலை ஏன் தொடங்கினவர்? படிக்க வேணும் எண்டா வேற சமயத்துக்குள்ளால போக வேணும் எண்டிருந்த நிலைமை பிள்ளையளுக்கு அநியாயம் எண்டுதான் அந்த மனுசன் வீடு வீடா அரிசி சேர்த்து பள்ளிக்கூடம் நடத்தினவர். அந்த அநியாயத்தை இப்ப நாங்கள் திருப்பி ஒரு பதினைஞ்சு வயசுப் பெடியனுக்குச் செய்தா நாவலரின்ட பேரைச் சொல்ல எங்களுக்கு என்ன முகம் இருக்கு?

இன்னொண்டு. 2024 மகா சிவராத்திரி அண்டு வெடுக்குநாறிமலைச் சிவன் கோயில்ல பூசை செய்த எட்டுப் பேரை பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகேக்க வவுனியா வடக்கு முழுக்கக் கொதிச்சது, நானும் போய் நிண்டனான். எங்கட சாமியை எங்கட இடத்தில கும்பிட விடு எண்டு கேட்டம். அந்த வாயாலயே பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அனுசரிச்சுப் போ எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. நாட்டளவில நாங்கள் சிறுபான்மை, ஊரளவில நாங்கள் பெரும்பான்மை, இதுல எந்த இடத்தில நிக்கிறமோ அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி நியாயம் மாறக்கூடாது.

இப்ப தங்கச்சிக்கு. சமயம் ஓஎல்லில கட்டாயப் பாடம் ஆறில ஒண்டு. தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, அதோட சமயம். ஆனா எந்தச் சமயம் எண்டது கட்டாயமில்லை. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் எண்டு அஞ்சும் தனித்தனிப் பாடமா இருக்கு, கிறிஸ்தவத்துக்கும் அரசாங்கமே தமிழில புத்தகம் அடிச்சு இலவசமாக் குடுக்குது. உங்கட தம்பிக்கு கிறிஸ்தவம் புத்தகம் கிடைக்கேல்லை எண்டா கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட இணையத்தளத்தில தரம் 10, 11 ரெண்டும் இருக்கும், போனிலயே இறக்கலாம். ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடங்களில சபையின்ட போதகரோ ஞாயிறு பாடசாலை அக்காவோ படிப்பிச்சு பிள்ளை எழுதினதை நான் கண்ணால கண்டிருக்கிறன். இதொண்டும் புதுசில்லை.

சட்டமும் உங்கட பக்கம்தான். அரசியலமைப்பின்ட 10ம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் ஒவ்வொருத்தருக்கும் உண்டு எண்டு சொல்லுது. 12(2) மதத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது எண்டு சொல்லுது. 1991ல இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின்ட 14ம் உறுப்புரையும் பிள்ளையின்ட மதச் சுதந்திரத்தையும் அதில பெற்றாரின்ட பொறுப்பையும் சொல்லுது. ஆகவே பிள்ளை எந்தச் சமயம் படிக்கிறதெண்டது வீட்டில எடுக்கிற முடிவு, வகுப்பு ரீச்சர் எடுக்கிற முடிவில்லை.

ஆனா தங்கச்சி, நான் கண்ட அளவில கனக்க ரீச்சர்மார் வெறுப்பில செய்யிறேல்லை. நேரசூசியில அந்தப் பாடவேளைக்கு ஆள் இல்லை, பிள்ளையை எங்க இருத்துறது எண்டு தெரியேல்லை, வலயத்தில இருந்து பெறுபேறு எத்தனை வீதம் எண்டு கேட்டு நெருக்குவாங்கள், அப்ப லேசான வழி எது எண்டா பிள்ளையை மாத்துறது. அதால முதல்ல அதிபரிட்ட அமைதியாப் போய்க் கதையுங்கோ. "சேர், தம்பி கிறிஸ்தவம்தான் எடுக்கிறான், படிப்பிக்கிற பொறுப்பு எங்கட, அந்தப் பாடவேளையில அவனை நூலகத்தில இருந்து படிக்க விடுங்கோ" எண்டு தெளிவாக் கேளுங்கோ. பாதிப் பிரச்சினை அதிலயே முடியும். அல்லேலூயா எண்டு நக்கலடிக்கிறது வேற விசயம், அதை அதிபர் காலைக் கூட்டத்தில பொதுவா ஒரு சொல் சொன்னா நிக்கும், பேர் சொல்லிச் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லி விடுங்கோ.

சிலாவத்துறைக்காரி எழுதினது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிஸ்டர் உங்கட தம்பி சேட்டுக் கையில துடைச்சதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சிட்டன்.

நான் மன்னார் முசலிப் பக்கம். உம்மாவும் வாப்பாவும் 1990 ஒக்டோபர்ல வடக்கு முஸ்லிம்களை வெளியேத்தினப்ப புத்தளத்துக்குப் போன ஆக்கள், நான் அங்க ஓலைக் கொட்டில் முகாம்ல பிறந்து வளந்து, சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்து ஏஎல் (உயர்தரம்) செஞ்சு, பிறகு ஒரு யுனிவர்சிட்டிக்குப் போனன். பேர் வேண்டாம். அங்க முதல் கிழமை எல்லாரும் ஊர் கேக்கும்போது "முசலி" எண்டு சொன்னன், ஒரு சீனியர் "அங்க எப்ப இருந்து முஸ்லிம் ஆக்கள்?" எண்டு கேட்டா. அவ கெட்ட எண்ணத்தில கேக்கல்ல, உண்மையிலயே தெரியாமத்தான் கேட்டா, அது எனக்கு இன்னும் நொந்தது. எங்கட மூத்தாப்பாவ அடக்கின கபுறு அங்க இருக்கு. எழுபதாயிரத்துக்கு மேல சனம் போட்டிருந்த உடுப்போட போன கதை பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாது. புத்தளத்துல நாங்க "அகதி", வடக்குல "புத்தளத்து ஆக்கள்".

2019 ஈஸ்டர் குண்டு வெடிச்ச பிறகு இன்னும் மோசம். யுனிவர்சிட்டி திரும்பத் திறந்தப்ப கேட்ல எல்லாரையும் செக் பண்ணினாங்க, அது சரி, ஆனா எங்கட பேக்கை மட்டும் கொட்டிப் பாத்தாங்க. குர்ஆனை எடுத்து ஒவ்வொரு பக்கமாத் தட்டினாங்க. அண்டைக்கு என்னோட படிச்ச ஒரு மன்னார் கத்தோலிக்கப் பிள்ளை, குண்டு வெடிச்சது அவட ஆக்கள்ட கோயில்லதான், அவ எனக்கு முன்னால போய் "என்ட பேக்கையும் கொட்டுங்கோ" எண்டு மேசையில தலைகீழாக் கொட்டினா. அவவுக்குப் பின்னால நிண்ட தமிழ்ப் பெட்டையள் ரெண்டு மூணு பேரும் கொட்டினாங்க. அதுக்குப் பிறகு பேக் விசயத்துல எங்களை மட்டும் பிரிச்சுப் பாக்கிறது குறைஞ்சுது.

நீங்க கேட்டது மத்தவங்க என்ன செஞ்சாங்க எண்டு. நான் பாத்தத சொல்றன். சில பிள்ளைகள் மறைப்பாங்க, ஹொஸ்டல்ல பர்தாவைக் கழட்டி வச்சிட்டு லெக்சருக்குப் போன ஒருத்தி எனக்குத் தெரியும், வீட்டுக்குப் போற பஸ்ல ஏறினாத்தான் போடுவா. சில பிள்ளைகள் அதுக்கு நேர்மாறா, எங்கட ஆக்களோட மட்டும்தான் சாப்பிடுவன் கதைப்பன் எண்டு ஒரு மூலைக்குள்ள போயிடுவாங்க, நாலு வருசம் படிச்சும் ஒரு தமிழ்ப் பிள்ளைட பேர் தெரியாம வெளியாகுவாங்க. சிலர் நல்லாப் படிச்சுக் காட்டுவன் எண்டு உடம்பக் கெடுத்துப் படிப்பாங்க. எல்லாத்துலயும் பயம் இருக்கு, வெளிய தெரியிற விதம்தான் வேற. கூட்டமாக் கேட்டதுதான் எங்களுக்கு வேலை செஞ்சுது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துல பிரக்டிகல் வச்சாங்க, பெடியன்மார் தனித்தனியாக் கேட்டப்ப "அப்ப ஆப்சென்ட்" எண்டுதான் பதில். மஜ்லிஸ்ல (முஸ்லிம் மாணவர் சங்கம்) எல்லாருமாச் சேந்து, பேட்ச் ரெப் ஒரு சைவப் பெடியன், அவனையும் கூட்டிக்கொண்டு டீனிட்ட எழுத்துல குடுத்தம், ஒரு மணித்தியாலம் தள்ளி வச்சாங்க. ஒருத்தருக்கும் நட்டம் வரல்ல.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிற விசயமும் இல்ல, பள்ளிக்கூடத்தோட முடியிற விசயமும் இல்ல. 2018ல திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில டீச்சர்மார் அபாயா உடுத்ததுக்கு எதிரா ஆர்ப்பாட்டம் நடந்து, மனித உரிமைகள் ஆணைக்குழு வரைக்கும் போய், ஆணைக்குழு டீச்சர்மார்ட பக்கம் நியாயம் எண்டு சொல்லியும், 2022ல ஒரு டீச்சர் திரும்ப அங்க வேலைக்குப் போனப்ப திரும்பவும் பிரச்சினை. 2024ல திருகோணமலையில எழுபது பிள்ளைகள்ட ஏஎல் றிசல்ட்டை, காது தெரியாம மறைச்சு உடுத்தாங்க எண்டு நிப்பாட்டி வச்சாங்க. அந்தப் பிள்ளைகள் றிசல்ட் வெளியான அண்டைக்கு போனைப் பாத்து என்ன நினைச்சிருப்பாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க.

தம்பிட்ட ஒண்டு கேளுங்க. அவன் என்ன வேணும் எண்டு சொல்றான்? பெரியவங்க நாங்க ஞாயம் கேக்கப் போறம் எண்டு போய் அவனை பள்ளிக்கூடத்துக்கு முன்னால நிப்பாட்டிடக் கூடாது. அவனுக்குத் தெரியாம ஒண்டும் செய்யாதீங்க.

மன்னார்_பெடியன் எழுதினது:

அக்கா நான் மறுபக்கத்தைச் சொல்லுறன். எங்கட பக்கம் கத்தோலிக்க ஆக்கள்தான் கூட, நான் சைவம். நான் படிச்ச பள்ளிக்கூடத்தில வகுப்பில நாங்கள் நாலஞ்சு பேர்தான் சைவப் பிள்ளையள். காலையில ஜெபம், யூன் மாசம் திருவிழா, மடு நடைபயணம் எண்டா பள்ளிக்கூடமே பாதி வெறிச்சிடும். அதொண்டும் எனக்குப் பிரச்சினையில்லை, மடுவுக்கு நானும் போயிருக்கிறன், எங்கட அம்மம்மா நேர்த்தி வைச்சு மெழுகுதிரி கொளுத்துறவ. ஆனா சில பெடியள் "கல்லைக் கும்பிடுறவன்" எண்டு சொல்லுவாங்கள், வாணி விழா வைக்கக் கேட்டா ஹோல் இல்லை எண்டுவாங்கள், பிறகு லாப் அறையில ஒரு மேசையில சரஸ்வதி படம் வைச்சு கதவைச் சாத்திக்கொண்டு அவல் கடலை சாப்பிட்டம். கதவு ஏன் சாத்தினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, நாங்களாவே சாத்தினது.

2019 மார்ச்சில சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீஸ்வரச் சிவன் கோயில் வளைவை உடைச்ச வீடியோ எல்லாற்ற போனிலயும் வந்தது. சிவராத்திரி லீவு முடிஞ்சு போனா பள்ளிக்கூடத்தில நாங்கள் ஒரு பக்கம் அவங்கள் ஒரு பக்கம். ஒரே கிரிக்கெற் ரீம் பெடியள், ஒருத்தன்ட முகத்தை ஒருத்தன் பார்க்கேல்லை. அண்டைக்கு எங்களுக்கு வந்த கணித சேர், அவர் கத்தோலிக்கர், பாடத்தை நிப்பாட்டிப்போட்டு கதிரையை நடுவில போட்டு இருந்து, "முந்தநாள் நடந்தது பிழை, நான் கத்தோலிக்கன் எண்டு சொல்லிக்கொண்டே சொல்லுறன் அது பிழை" எண்டு சொன்னார். வேற ஒண்டும் பெரிசா விளக்கம் சொல்லேல்லை, பிறகு அட்சரகணிதம் தொடங்கினார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு வகுப்பில மூச்சு விடக்கூடியதா இருந்தது அக்கா. இன்ரேவலுக்கு ஒருத்தன் வந்து பற்ஸ் ஆரிட்ட இருக்கு எண்டு கேட்டான், அவ்வளவுதான்.

அதால சொல்லுறன், உங்கட தம்பின்ர பள்ளிக்கூடத்தில சைவ ரீச்சர் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவனுக்காக வாய் திறக்கக்கூடிய ஆள் ஆர் எண்டு முதல் பாருங்கோ. விளையாட்டு சேர், நூலகத்து ரீச்சர், ஆரோ ஒருத்தர் இருப்பினம். பெரும்பான்மைப் பக்கத்தில இருக்கிற ஆள் சொல்லேக்க அது வேற மாதிரிக் கேக்கும். நாங்கள் சொன்னா முறைப்பாடு, அவை சொன்னா ஒழுங்கு.

முல்லை_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, கிளி_90 அண்ணைக்கும்தான், அவர் சொன்னது போலத்தான் எங்கட ஊரில முக்கால்வாசிப் பேர் சொல்லுவினம்.

சிலாவத்துறை அக்கா சொன்ன மாதிரி தம்பியோட இருந்து கதைச்சன். அவன் சொல்லுறான் மாணவ தலைவர் பதவி வேண்டாமாம், இனித் தந்தாலும் வேண்டாமாம். கிறிஸ்தவம் எடுக்கத்தான் ஆசையாம், ஏனெண்டா கேள்விக்கு அவனுக்கு மறுமொழி தெரியுமாம், ஞாயிறு பாடசாலையில படிச்சது. திருநீறு விசயம் மட்டும் கதைக்க வேண்டாமாம், கதைச்சா பெடியள் இன்னும் கூடச் சொல்லுவாங்களாம். விளையாட்டு சேரை அவனுக்குப் பிடிக்குமாம், அவர் ஒருக்கா நக்கலடிச்ச பெடியனை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டவராம். இதெல்லாம் எனக்கு இப்பதான் தெரியுது.

எனக்குப் பயம் ஒண்டுதான். எழுத்தில குடுத்தா பிள்ளையைப் பழி வாங்குவினமோ? ப்ரொஜெக்ற், தவணைப் பரீட்சை எல்லாம் அவையின்ட கையிலதானே.

வவுனியா_தர்சி எழுதினது:

அக்கா நானும் சபைப் பிள்ளைதான், இப்ப யுனிவர்சிட்டி மூண்டாம் வருசம். உங்கட தம்பி செய்யிற அதே வேலைதான் நானும் செய்தனான், நான் குங்குமம். அதால அவனை ஏன் பூசினனி எண்டு வீட்டில ஆரும் கேக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ. பள்ளிக்கூடத்தில பூசேல்லை எண்டு ஒரு பக்கம், வீட்டில பூசினது பாவம் எண்டு இன்னொரு பக்கம் வந்தா பிள்ளை எங்க போறது? எனக்கு பள்ளிக்கூடத்தை விட அதுதான் கூட நொந்தது. எங்கட போதகர் ஒருக்கா சபையில பேர் சொல்லாமல் இதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினவர், எல்லாரும் என்னைத்தான் பார்த்தவை.

என்னோட படிச்ச ஒரு பிள்ளை ஓஎல்லோட நிண்டிட்டா. சமயம் மட்டும் காரணம் எண்டு சொல்ல மாட்டன், வீட்டுக் கஷ்டமும் இருந்தது, ஆனா "அங்க போய் ஆரோட இருக்கிறது" எண்டு அவ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்கட தம்பி இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போறான், அதுவே பெரிய விசயம். அவனோட சமயப் பாட நேரம் வெளியில இருக்கிற மற்றப் பிள்ளையளின்ட வீட்டையும் போய்க் கதையுங்கோ அக்கா. ஒரு வீடு எண்டா "அந்தக் குடும்பம் பிரச்சினைக்காரர்" எண்டு முடிச்சிடுவினம், மூண்டு வீடு கையெழுத்து வைச்சா அப்பிடிச் சொல்லேலாது. அதில ஒரு பிள்ளை கத்தோலிக்கம் எண்டாலும் பரவாயில்லை, பாடம்தான் வேற, கேக்கிறது ஒண்டுதானே.

இன்னொண்டு, அவன் யுனிவர்சிட்டி வாற காலத்துக்கும் சொல்லி வையுங்கோ. இஞ்ச பகிடிவதை (ராகிங்) எண்ட பேரில சிலுவை மாலையைக் கழட்டு, பாட்டுப் பாடிக் காட்டு, ஜெபம் பண்ணிக் காட்டு எண்டு கேக்கிறவை இருக்கினம். 1998ம் ஆண்டின்ட 20ம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இதுக்கும் பொருந்தும், குற்றம் எண்டா மறியல் (சிறை) வரைக்கும் போகும். எனக்கு முதல் வருசம் அப்பிடி ஒரு சட்டம் இருக்கெண்டே தெரியாது.

பழைய_வாத்தியார் எழுதினது:

தங்கச்சி, பழிவாங்கல் பயம் நியாயமான பயம்தான். ஆனா எழுத்தில இருக்கேக்க பழி வாங்குறது கஷ்டம், வாய்ப்பேச்சா இருக்கேக்கதான் லேசு. நான் அதிபராவும் இருந்தனான், திகதி போட்ட கடிதம் பள்ளிக்கூடக் கோப்பில இருந்தா அந்தப் பிள்ளையின்ட மாக்ஸில ஆரும் கை வைக்க ரெண்டு தரம் யோசிப்பினம்.

முதல் விளையாட்டு சேரிட்ட தனியக் கதைச்சு, அவரையும் கூட்டிக்கொண்டு அப்பா அதிபரிட்டப் போகட்டும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அவன் அந்த நேரம் வகுப்பில இருக்கட்டும். கடிதம் அப்பாவின்ட பேரில, ஒரு பக்கத்துக்கு மேல போகாமல். என்ர மகன் தரம் 10ல கிறிஸ்தவம் பாடம் எடுக்கிறார், ஓஎல் விண்ணப்பத்திலயும் அப்பிடியே பதியவும், சமயப் பாடவேளையில நூலகத்தில படிக்க அனுமதிக்கவும், இவ்வளவும் போதும். விண்ணப்பம் பள்ளிக்கூடத்தாலதான் போறது, அதால இந்தப் பதிவு விசயத்தைக் கட்டாயம் எழுதுங்கோ, அடுத்த வருசம் விண்ணப்பம் நிரப்பேக்க என்ன பாடம் போட்டிருக்கெண்டு தம்பி கையெழுத்து வைக்க முதல் பார்க்கவும் வேணும். திருநீறு விசயம் அவன் வேண்டாம் எண்டா எழுத வேண்டாம். மாணவ தலைவர் விசயமும் அவன் விட்டிட்டான் எண்டா விடுங்கோ, ஆனா எப்ப ஆர் என்ன சொன்னது எண்டு வீட்டில ஒரு கொப்பியில திகதியோட எழுதி வையுங்கோ. ஒரு பிரதியில அதிபரின்ட கையொப்பமும் திகதி முத்திரையும் எடுங்கோ. அவர் வாங்க மாட்டன் எண்டா பதிவுத் தபாலில போடுங்கோ, துண்டைக் கவனமா வையுங்கோ.

ரெண்டு கிழமைக்குள்ள மறுமொழி இல்லை எண்டா அதே கடிதத்தின்ட பிரதியை கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கோ. ஏன் ரெண்டு கிழமை எண்டு சொல்லுறன் எண்டா, அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போறதெண்டா 126ம் உறுப்புரைப்படி சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போக வேணும். கொழும்புக்குப் போய் வழக்காட உங்களுக்கு வசதி இருக்காது, எனக்கு விளங்குது. ஆனா அதே ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா, அவை விசாரிக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில சேராது, 1996ம் ஆண்டின்ட 21ம் இலக்கச் சட்டத்தில அது இருக்கு. வவுனியாவில அவையின்ட பிராந்திய அலுவலகம் இருக்கு, தமிழில எழுதிக் குடுக்கலாம், காசு ஒண்டும் இல்லை. அவசர இலக்கமும் 1996தான். பிள்ளைக்கு அடி உதை, மிரட்டல் எண்டு வந்தா சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. அதுவரைக்கும் போகாது எண்டுதான் நம்புறன்.

கிறிஸ்தவம் பாடத்துக்கு பழைய வினாத்தாள் வேணும் எண்டா சொல்லுங்கோ, மன்னாரில எனக்குத் தெரிஞ்ச ஒரு ரீச்சரிட்ட கேட்டுப் பார்க்கிறன். கடிதத்தை எழுதின உடன பேரை மறைச்சு இஞ்ச போடுங்கோ, திருத்தம் இருந்தா பார்த்துச் சொல்லுறன்.